மெல்போர்னில் நாலு நாள்: ஆட்டம் பார்க்கவும் ஆற்றங்கரையில் நடக்கவும் வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

மெல்போர்னுக்கு வரும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் கிளம்புவதற்கு முன் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள்தான் கிடைக்கிறது. அதற்குள் ஒரு ஆட்டமாவது பார்க்க வேண்டும், கொஞ்சம் வெளிக்காற்றிலும் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கானது இது.

நாலு நாள்தான் இருக்கிறது. ஊரைச் சுற்றிப் பார்ப்பதா, ஆட்டம் பார்ப்பதா?

இந்த ஊரில் இரண்டையும் பிரிக்கவே தேவையில்லை. ஃபிளிண்டர்ஸ் தெரு ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து யாரா ஆற்றங்கரையில் கிழக்கே திரும்பினால், பிர்ராருங் மார் என்ற பூங்கா வரும். பிர்ராருங் என்பது இந்த ஆற்றுக்கு இம்மண்ணின் மூத்த குடிகள் வைத்த பெயர். மூடுபனி ஆறு என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். அங்கிருந்து ரயில் பாதைகளுக்கு மேலே வளைந்து போகிற வில்லியம் பராக் நடைபாலம் நேராக மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தின் பக்கம் இறக்கிவிடும். 2006 காமன்வெல்த் விளையாட்டுகளுக்காகக் கட்டிய பாலம் அது. நிலையத்திலிருந்து மொத்தமே இருபது நிமிட நடை. டென்னிஸ் வளாகம் அதே பாலத்தின் பக்கத்தில். ஆற்றின் தென்கரையில் தாவரவியல் பூங்கா.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் ஆட்டத்தின் தேதியை முடிவு செய்யுங்கள், மற்றதை அதைச் சுற்றி அடுக்குங்கள். காலையில் பூங்கா, மதியம் மைதானம், இரவு ஆற்றங்கரை வழியே திரும்பி நடப்பது. மைதானத்துக்குப் போவதே ஊரைப் பார்ப்பதாக அமைகிற நகரம் உலகில் அதிகம் இல்லை. வண்டி வைத்துக்கொண்டு வாசலில் போய் இறங்கினால் பாதி சுகம் போய்விடும்.

எந்த மாதம் வருவது நல்லது?

எதைப் பார்க்க வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டிசம்பர் 26-இல் பாக்சிங் டே டெஸ்ட் தொடங்கும். ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் டென்னிஸ். மார்ச்சில் ஆல்பர்ட் பார்க்கில் ஃபார்முலா ஒன் கார் பந்தயம். 1996 முதல் அங்கேதான் நடக்கிறது. மார்ச்சில் தொடங்கி செப்டம்பர் வரை ஆஸ்திரேலியக் கால்பந்து. நவம்பர் முதல் செவ்வாயில் மெல்போர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயம்.

கிரிக்கெட்டே உயிர் என்பவர்கள் டிசம்பரில் வாருங்கள். மற்றவர்களுக்கு என் தேர்வு மார்ச் கடைசியும் ஏப்ரலும்தான். வெயில் தணிந்திருக்கும், மரங்கள் நிறம் மாறத் தொடங்கும், கால்பந்தும் ஆரம்பித்திருக்கும். 2027 மார்ச்சில் இங்கே ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் ஒரு தனி டெஸ்ட் ஆடப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். உலகின் முதல் டெஸ்ட் 1877 மார்ச்சில் இதே மைதானத்தில் நடந்தது. அதன் 150-ஆவது ஆண்டு நிறைவு இது. அந்த முதல் டெஸ்டில் ஆஸ்திரேலியா 45 ரன்னில் ஜெயித்தது. நூறு வருஷம் கழித்து 1977-இல் நடந்த நூற்றாண்டு டெஸ்டிலும் அதே 45 ரன்னில் ஜெயித்தது. கிரிக்கெட் தெரிந்த எவருக்கும் இதைக் கேட்டால் சிலிர்க்கும்.

பாக்சிங் டே டெஸ்டுக்கு எந்த நாள் டிக்கெட் வாங்குவது?

முதல் நாளுக்கு ஒரு தனி மகிமை உண்டு. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஊரே விடுமுறையில் இருக்கும். காலை ஒன்பதரைக்கெல்லாம் பாலத்தின் மேல் தொப்பிகளாகத் தெரியும். ஒரு லட்சம் பேர் கொள்ளும் மைதானம். முதல் பந்துக்காக வேகப்பந்து வீச்சாளர் ஓடி வரும்போது சுற்றிலும் எழுகிற அந்த ஓசையை ஒருமுறை நேரில் கேட்டுவிட வேண்டும்.

ஆனால் ஒரே நாள்தான் முடியும், ஆட்டத்தையும் ஊன்றிப் பார்க்க வேண்டும் என்றால் நான் இரண்டாம் நாளைத்தான் சொல்வேன். கூட்டம் சற்றுக் குறைந்திருக்கும், ஆட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் தெரியத் தொடங்கியிருக்கும்.

நாலாம் நாளை நம்பி விமான டிக்கெட் போடாதீர்கள். 2021-இல் ஸ்காட் போலண்ட் என்ற உள்ளூர்க்காரர் தன் முதல் டெஸ்டிலேயே 7 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார். இங்கிலாந்து 68-க்குச் சுருண்டது, மூன்றாம் நாள் காலையிலேயே கதை முடிந்தது. அந்தக் காலைக்கு டிக்கெட் வைத்திருந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். மறுநாளுக்கு வைத்திருந்தவர்களுக்கு ஆட்டமே இல்லை.

இந்தியா இங்கே ஆடும் வருஷம் என்றால் டிக்கெட் விற்பனை தொடங்கிய அன்றே வாங்கிவிடுங்கள். 2018-இல் 137 ரன்னிலும், 2020-இல் ரஹானேயின் சதத்தோடு எட்டு விக்கெட்டிலும் இந்தியா ஜெயித்தது இங்கேதான். 2022 அக்டோபரில் பாகிஸ்தானுக்கு எதிரே விராட் கோலி 82 ரன் எடுத்துக் கடைசிப் பந்து வரை கொண்டுபோன டி20-க்கு 90,293 பேர் வந்திருந்தார்கள்.

எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது?

நம் ஊர்க் கணக்கு இங்கே செல்லாது. பூமியின் தென்பாதியில் இருப்பதால் உச்சிப்பொழுதில் சூரியன் வடக்கே நிற்கும். தெற்கில் இருக்கும் ஷேன் வார்ன் ஸ்டாண்ட் வடக்கைப் பார்த்து இருப்பதால் அங்கே முன்வரிசையில் உட்கார்ந்தால் வெயில் முகத்திலேயே அடிக்கும். பெரியவர்களோ சின்னக் குழந்தைகளோ கூட இருந்தால் எந்த ஸ்டாண்டானாலும் கூரைக்குக் கீழே, பின்வரிசை இருக்கைகளாகப் பாருங்கள். முன்வரிசையில் ஆட்டக்காரர்களைக் கிட்டே பார்க்கலாம் என்ற ஆசை நியாயமானதுதான். ஆனால் ஏழு மணி நேரம் உட்கார வேண்டுமே.

சாப்பாடு எடுத்துப் போகலாமா?

போகலாம். வீட்டுச் சாப்பாட்டைத் தடுக்க மாட்டார்கள். கண்ணாடிப் பாட்டில், டின், மது ஆகியவற்றுக்கு மட்டும் அனுமதி இல்லை. வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். நாங்கள் புளிசாதமும் தண்ணீர்ப் பாட்டிலும் கொண்டுபோவதுதான் வழக்கம்.

ஆஸ்திரேலியக் கால்பந்து எங்களுக்குப் புரியுமா? அதற்குப் போய்ப் பணம் கொடுத்துப் பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பாருங்கள். வருகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இது ஒன்றைத்தான். கிரிக்கெட்டை எங்கேயும் பார்க்கலாம். இந்த ஆட்டம் பிறந்த மண்ணில், அதுவும் இவ்வளவு கூட்டத்தோடு பார்ப்பது இங்கே மட்டும்தான் வாய்க்கும்.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு இதில் ஒரு உறவுமுறையும் உண்டு. குளிர்காலத்தில் கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் உடம்பு இளகிவிடாமல் இருக்க ஏதாவது ஆட வேண்டும் என்று 1858-இல் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர் பத்திரிகைக்கு எழுதினார். மறு வருஷமே மெல்போர்ன் கால்பந்துக் கழகம் விதிகளை எழுதி வைத்தது. அதனால்தான் இன்றும் கிரிக்கெட் மைதானத்தின் அதே நீள்வட்டத்தில் ஆடுகிறார்கள்.

போவதற்கு முன் இவ்வளவு தெரிந்தால் போதும். அணிக்கு 18 பேர். பந்து இருமுனையும் கூர்ந்த நீள்பந்து. மைதானத்தின் இரு முனையிலும் நாலு நாலு கம்பங்கள் நிற்கும். நடுவில் இருக்கும் இரண்டு உயரக் கம்பங்களுக்கிடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. அதற்கு வெளியே இருக்கும் குட்டைக் கம்பத்துக்கும் உயரக் கம்பத்துக்கும் நடுவே போனால் 1 புள்ளி. கோலுக்கு நடுவர் இரண்டு வெள்ளைக் கொடிகளை ஆட்டுவார், ஒற்றைப் புள்ளிக்கு ஒரு கொடி. பலகையில் 12.8 என்று இருந்தால் 12 கோலும் 8 ஒற்றைப் புள்ளியும், ஆக 80.

பந்தைக் கையால் எறியக் கூடாது. ஒரு கையில் வைத்து மறுகையின் முஷ்டியால் குத்தித்தான் அனுப்ப வேண்டும். பந்தோடு ஓடுபவர் 15 மீட்டருக்கு ஒருமுறை அதைத் தரையில் தட்டியாக வேண்டும். ஆஃப்சைட் கிடையாது, மைதானத்தில் எங்கே நின்றும் பந்தை வாங்கலாம். 15 மீட்டராவது பறந்து வரும் உதையை அந்தரத்தில் பிடித்துவிட்டால் அவரை யாரும் தொடக் கூடாது, நிதானமாக உதைக்கலாம். இதற்கு 'மார்க்' என்று பெயர். எதிராளியின் தோளில் முழங்காலை ஊன்றி எழும்பி ஒருவர் பந்தைப் பிடிக்கும் கணத்துக்காகத்தான் பலர் டிக்கெட் வாங்குகிறார்கள். இருபது நிமிடக் கால்பகுதிகள் நாலு. நடுவே நிற்கும் நேரத்தையும் சேர்ப்பதால் ஒவ்வொன்றும் அரை மணியை நெருங்கும். மொத்தம் இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் கால்பகுதி முழுவதும் குழப்பமாகத்தான் இருக்கும். இரண்டாவதில் பழகிவிடும். மூன்றாவதில் நீங்களே ஒரு அணிக்காகக் கத்திக்கொண்டிருப்பீர்கள்.

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை நடக்கும் இறுதி ஆட்டத்துக்கு வெளியூர்க்காரருக்கு டிக்கெட் கிடைப்பது மிகக் கடினம். அதற்காக ஏங்க வேண்டாம். கூட்டம் எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு கணக்கு மட்டும்: 1970 இறுதி ஆட்டத்துக்கு 121,696 பேர் வந்தார்கள். நீங்கள் ஜூன், ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஆட்டத்துக்குப் போங்கள். உள்ளூர் அணிகள் இரண்டு மோதும் ஆட்டமாகப் பார்த்து எடுங்கள். காலிங்வுட், ரிச்மண்ட், கார்ல்டன், எசண்டன் இவற்றில் எந்த இரண்டு ஆடினாலும் அரங்கம் அதிரும்.

குழந்தைகளோடு போகலாமா? ரசிகர்கள் மோதிக்கொள்வார்களா?

தைரியமாகப் போகலாம். இரு அணி ரசிகர்களையும் இங்கே வேலி போட்டுப் பிரிப்பதில்லை. ஒரே குடும்பத்தில் அப்பா ஒரு அணித் துண்டும் மகள் எதிரணித் துண்டும் கழுத்தில் சுற்றிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இந்த ஊரின் மேல் எனக்கு மதிப்பு வந்தது இதைப் பார்த்துத்தான். விதி புரியவில்லை என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், ஆட்டம் முடியும் வரை விளக்கம் சொல்வார்.

டென்னிஸுக்குப் பெரிய அரங்க டிக்கெட் வாங்கியே ஆக வேண்டுமா?

முதல் வாரத்தில் வந்தால் வேண்டாம். வளாக நுழைவுச் சீட்டு மட்டும் வாங்கி வெளித் தளங்களில் சுற்றுங்கள். ராட் லேவர் அரங்கத்தின் மேல்வரிசையிலிருந்து பார்ப்பதைவிட, சின்னத் தளம் ஒன்றில் ஆட்டக்காரரின் மூச்சு கேட்கும் தூரத்தில் நிற்பது எனக்குப் பிடிக்கும். உலகத் தரவரிசையில் இருக்கும் ஒருவர் அடிக்கும் சர்வின் வேகம் தொலைக்காட்சியில் தெரிவதே இல்லை. பயிற்சித் தளங்களிலும் பெரிய பெயர்களைப் பார்க்கலாம். இரண்டாம் வாரம் ஆட்டங்கள் குறைந்துவிடும். அப்போது அரங்க டிக்கெட் இருந்தால்தான் பலன்.

கடும் வெப்பம் வந்தால் வெளித் தளங்களில் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். கூரை மூடும் வசதி மூன்று பெரிய அரங்கங்களுக்கு மட்டும்தான் உண்டு. நாற்பது டிகிரி என்று வானிலை சொன்னால் அன்றைக்கு மட்டும் இரவு ஆட்டத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நாங்கள் வரும் வாரத்தில் பெரிய ஆட்டம் எதுவுமே இல்லையே?

ஆட்டம் இல்லாத நாட்களில் மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தை உள்ளே அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள். விளையாட்டு அருங்காட்சியகமும் அங்கேயே இருக்கிறது. 1956 ஒலிம்பிக் நடந்த, 1992, 2015 உலகக் கோப்பை இறுதி ஆட்டங்கள் நடந்த புல்தரை. இருக்கைகள் காலியாக இருக்கும்போதுதான் அதன் பிரம்மாண்டம் உறைக்கும். வெளியே யாரா பார்க்கில், படகு செய்வதற்காகப் பட்டை உரித்த வடு இன்னும் மாறாத பழைய மரங்கள் நிற்கின்றன. ஆட்டத்துக்கு வருகிறவர்கள் பலர் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள். நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.

கோடைச் சனிக்கிழமை என்றால் எந்தப் பேட்டைப் பூங்காவுக்குப் போனாலும் வெள்ளை உடையில் கிரிக்கெட் நடந்துகொண்டிருக்கும். டிக்கெட் இல்லை. எல்லைக்கோட்டுக்கு வெளியே புல்லில் உட்கார்ந்தால் போதும். பொழுது விடியும் நேரத்தில் பிரின்சஸ் பாலத்தில் நின்றால் படகோட்டும் மாணவர் குழுக்கள் வரிசையாக ஆற்றில் போவதையும் பார்க்கலாம்.

காலையில் ஓடுகிற பழக்கம் உண்டு. எங்கே ஓடலாம்?

தாவரவியல் பூங்காவைச் சுற்றி 'டேன்' என்ற மண்பாதை இருக்கிறது. ஒரு சுற்று 3.827 கிலோமீட்டர். ஆண்டர்சன் தெருப் பக்கம் ஒரு ஏற்றம் வரும், மூச்சை வாங்கிவிடும்.

சமதரை வேண்டுமென்றால் ஆல்பர்ட் பார்க் ஏரி. சுமார் ஐந்து கிலோமீட்டர் சுற்று, தண்ணீரில் கறுப்பு அன்னங்கள். ஏரியைச் சுற்றிப் போகும் சாதாரணச் சாலையேதான் மார்ச்சில் ஃபார்முலா ஒன் தடமாக மாறுகிறது. மற்ற மாதங்களில் அதில் ஊர்க்காரர்கள் மெதுவாகக் கார் ஓட்டிப் போவார்கள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு இலவச பார்க்ரன் ஓட்டம் நடக்கும். இணையத்தில் பதிந்து பார்கோடு எடுத்து வந்தால் யாரும் சேரலாம். பந்தயத்துக்கு முந்தைய வாரங்களில் மட்டும் பார்வையாளர் மேடைகள் கட்டுவதால் பூங்காவில் அங்கங்கே வழி அடைபட்டிருக்கும்.

சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் எந்த வழி?

கேபிடல் சிட்டி டிரெயில் என்ற பாதை நகரை வளையமாகச் சுற்றி ஏறக்குறைய 30 கிலோமீட்டர் போகிறது. முழுதும் சுற்ற வேண்டியதில்லை. நகரிலிருந்து யாரா ஓரமாகவே மிதித்து, மெர்ரி ஓடை ஆற்றில் கலக்கும் டைட்ஸ் அருவி வரை போய்த் திரும்பினால் அரை நாள். ஹெல்மெட் இங்கே சட்டப்படி கட்டாயம், போடாவிட்டால் அபராதம். இடப்பக்கமே போங்கள், நடப்பவர்களைத் தாண்டும்போது மணி அடியுங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது. அவரையும் கூட்டி வருகிறோம்.

தாவரவியல் பூங்காவுக்குள் ஏரிக்கரையில் நிறைய இருக்கைகள் உண்டு. அங்கே ஒரு முழுக் காலையும் கழியும். மாலையில் யாரா பெண்ட் பூங்காவின் பெல்பேர்ட் பகுதிக்குக் காரில் அழைத்துப் போங்கள். அங்கே ஆற்றோர மரங்களில் சாம்பல் தலைப் பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கில் தொங்கும். இருட்டத் தொடங்கியதும் எல்லாம் ஒன்றாகக் கிளம்பி வானம் நிறையப் பறக்கும். நடக்கவே வேண்டாம், அண்ணாந்து பார்த்தால் போதும். என் மாமியார் இந்த ஊரில் பார்த்தவற்றில் இன்றும் பேசுவது அந்த மாலையைப் பற்றித்தான்.

மைதானத்துக்கும் அவரைக் கூட்டிப் போகலாம். டிக்கெட் எடுக்கும்போதே படி ஏறத் தேவையில்லாத இருக்கை வேண்டும் என்று கேளுங்கள்.

என்ன உடை எடுத்து வருவது?

ஒரே நாளில் நாலு பருவம் என்று இந்த ஊரைப் பற்றிச் சொல்வது உண்மை. கோடையில் வடக்கே பாலைநிலத்திலிருந்து வரும் காற்று நாற்பது டிகிரிக்குச் சூடேற்றும். பிறகு தெற்கே கடலிலிருந்து குளிர்காற்று திரும்பும்போது ஒரு மணி நேரத்துக்குள் பதினைந்து டிகிரி இறங்கிவிடும். முதல் வருஷம் அரைக்கைச் சட்டையோடு இரவு ஆட்டத்துக்குப் போய், மகளைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கடைசி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அன்றிலிருந்து ஜனவரியானாலும் பையில் ஒரு ஸ்வெட்டர் இருக்கும்.

வெயிலைக் குறைத்து எடை போடாதீர்கள். சூடு தெரியாத, மேகம் மூடிய நாளிலும் இங்கே புற ஊதாக் கதிர் தோலைச் சுட்டுவிடும். மாநிறமும் கறுப்பும் தப்பாது. அகலத் தொப்பி, சன்ஸ்கிரீன், தண்ணீர் மூன்றும் தேவை. குளிர்கால இரவு ஆட்டத்துக்குக் கனமான மேல்சட்டையும் காலுறையும் அவசியம்.

கடலில் குளிக்கலாமா?

செயிண்ட் கில்டா கடற்கரைக்கு 96-ஆம் எண் டிராம் போகிறது. விரிகுடா என்பதால் அலை குறைவு. உயிர்காப்பாளர்கள் சிவப்பு மஞ்சள் கொடிகளை நட்டிருந்தால் அவற்றுக்கு நடுவே மட்டும் இறங்குங்கள். பெருமழைக்கு மறுநாள் வேண்டாம். தெருத் தண்ணீரெல்லாம் அங்கேதான் வந்து சேரும்.

டிராமுக்கும் ரயிலுக்கும் தனித்தனி டிக்கெட்டா?

ஒரே மைக்கி அட்டை எல்லாவற்றுக்கும் செல்லும். நகர மையத்துக்குள் டிராம் இலவசம். ஆனால் மைதானமும் டென்னிஸ் வளாகமும் அந்த எல்லைக்கு வெளியே இருப்பதால் 70, 75 எண் டிராமில் அங்கே போனால் அட்டையைக் கருவியில் தொட்டாக வேண்டும். வெளியூர்க்காரர் பலர் அபராதம் கட்டுவது இங்கேதான். ரயிலில் வந்தால் ஜோலிமோண்ட், ரிச்மண்ட் இரண்டுமே மைதானத்துக்குப் பக்கம்.

மெல்போர்ன் கோப்பைக்குப் போவது?

3,200 மீட்டர் ஓட்டம், சில நிமிடங்களில் முடிந்துவிடும். அன்றைய தினம் உடை அலங்காரத்துக்கும் கூட்டத்துக்கும் பந்தயப் பணத்துக்கும் உரியது. நாலே நாள் இருப்பவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

ஆட்டம் முடிந்ததும் எண்பதாயிரம் பேரோடு எப்படி வெளியே வருவது?

எழுந்து ஓடாதீர்கள். கால்பந்து என்றால் ஜெயித்த அணியின் பாட்டை ஒலிபெருக்கியில் போடுவார்கள். ரசிகர்கள் கூடவே பாடுவார்கள், அதைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாலே படிக்கட்டு காலியாகிவிடும். அதற்குப் பிறகு ரயில் நிலையத்து வரிசையில் நிற்காமல் வந்த பாலத்தின் வழியாகவே நகருக்கு நடந்துவிடுங்கள். குழந்தை தூங்கிவிட்டால் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். பாதை ஏற்றமில்லாதது, விளக்கு வெளிச்சம் இருக்கும், முன்னும் பின்னும் அதே ஆட்டத்தைப் பேசிக்கொண்டு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.